பாண் ஆட்டோ வராத இடத்தில் வீடு கட்டாதீங்க! | மலையகத்தில் காணி வாங்கப் போகிறவர்களுக்கு

வணக்கம் மக்களே. இலங்கை மலையகத்தில் காணி பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் இருக்கா, கரண்ட் இருக்கா, காணி உறுதிப் பத்திரம் சரியா என்று கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் முக்கியமான ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள்: "இங்கே பாண் ஆட்டோ வருமா?" அதுதான், வீடு வீடாகப் பாணும் பணிஸும் விற்க வருகிற பேக்கரி ஆட்டோ.

சிரிக்காதீர்கள். கடைசி வரைக்கும் பாருங்கள்.

முதலில் பின்னணி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு போர்டிங் அறையில் கிடப்பவருக்குத் தேயிலை மலை நடுவே தனி வீடு வேண்டும். தோட்டத்தில் இருப்பவருக்கு டவுனில் வீடு, பிள்ளைக்கு டியூஷன், பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும். இவர் ஏறப் பார்க்கிறார், அவர் இறங்கப் பார்க்கிறார். தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்குவது ஒரு சின்னக் காணித் துண்டு. இந்திய உதவியில் கட்டப்படும் வீடு 550 சதுர அடி. அங்கே எந்த இடம் என்பது உங்கள் கையில் இல்லை. தோட்ட மக்களின் காணி உரிமைக் கதையைத் தொட்டால் இன்றைக்கு முடியாது, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். இது சொந்தக் காசில் இடம் தேடுகிறவர்களுக்கு.

சரி, பாண் ஆட்டோவுக்கு வருவோம்.

[காட்சி: வளைவில் ஏறிவரும் ஆட்டோ, பின்னால் கண்ணாடிப் பெட்டி]

கரகரத்த ஸ்பீக்கரில் அந்தப் பியானோ மெட்டு தூரத்தில் கேட்கும்போதே வீட்டில் சின்னது காசைக் கேட்டு நிற்கும். பெட்டிக்குள்ளே சூடாகப் பாண், மீன் பணிஸ், சீனி தூவிய கிம்புலா பணிஸ். இந்த மனிதர் ஓர் இடத்துக்குத் தினமும் வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? பாதையில் ஆட்டோ ஏறுகிறது. மழை பெய்தாலும் ஏறுகிறது. திருப்ப இடம் இருக்கிறது. போகிற பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு வீடுகள் இருக்கின்றன. பேக்கரி இருக்கிற டவுன், பாண் ஆறிப்போகிற தூரத்தில் இல்லை. பிரதேச சபை பாதையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பாண்காரர் அந்தப் பாதையைத் தினமும் சொந்தச் செலவில் சோதிக்கிறார். நான் அவரைத்தான் நம்புவேன்.

அவர் வருகிற இடத்துக்கு ஸ்கூல் வேன் வரும், பார்சல் வரும், சீமெந்து ஏற்றிய சின்ன லொறியும் பெரும்பாலும் வந்துவிடும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கால் மணி நேரத்துக்குள் மூன்று பாண் ஆட்டோ போட்டி போட்டு வந்தால் அது டவுன். பஸ் ஹோர்ன், பக்கத்து வீட்டுச் சுவர், தண்ணீர் கட்டணம் எல்லாம் சேர்ந்தே வரும். அந்தத் தொல்லைக்குக் கொழும்பிலேயே இருக்கலாமே! ஒரே ஒரு ஆட்டோ வந்து, அதோடு திரும்பிப் போகிற வளைவு எது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருக்கிற நாலைந்து வீடுகள்தான் என் கணக்கில் மலையகத்திலேயே சிறந்த இடம்.

அந்த வளைவைத் தாண்டி, ஒற்றையடிப் படி ஏறி இன்னும் மேலே போனால் என்ன ஆகும்? வியூ பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சமையல் கேஸ் முடியுமே. சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் 12.5 கிலோ. இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. சாக்கை மடித்துத் தோளில் போட்டு, அதன்மேல் சிலிண்டரை ஏற்றி, பாசி பிடித்த படியில் ஒருவர் ஏறுகிறார். பாதிப் படியில் இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். மேலே வந்ததும் கூலி கேட்கும்போது உங்களுக்குப் பேரம் பேச வாய் வராது. வயசான அம்மா இருந்தால் இன்னும் யோசியுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அது பாதை முடிகிற இடம் வரைக்கும்தான். அங்கிருந்து மேலே கம்பளியில் வைத்துத் தூக்க நாலு பேர் வேண்டும், இரவு இரண்டு மணிக்கு.

இனிச் சிரிப்பை ஒதுக்கிவைத்து ஒரு விஷயம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே பாண் ஆட்டோ வருகிறது என்பதற்காக மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சரிவில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை எடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழையைத் தாண்டினாலே மண்சரிவு பற்றிய முதல் எச்சரிக்கை தொடங்குகிறது, 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்வார்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேறு காணி பாருங்கள். புரோக்கர் "பழைய வெடிப்புதான் சேர்" என்பார். விடுங்கள்.

அப்புறம் எந்த ஊர்? நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், குளிர் சரி, ஆனால் ரயிலுக்கு நானுஓயாவுக்குப் போக வேண்டும், ஏப்ரல் சீசனில் சொந்த வீட்டுக்குப் போகவே நெரிசலில் நிற்க வேண்டும். ஹட்டனில் ஸ்டேஷன் டவுனிலேயே இருக்கிறது. தென்மேல் பருவ மழைதான் பிரச்சினை, ஜூன், ஜூலையில் துவைத்த உடுப்பு காயாது. அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையில் வெயில் அடிக்கும். அங்கே மழை பெரும்பாலும் வருடக் கடைசியில். உயரமும் சுமார் 1,200 மீட்டர்தான், ரயில் ஸ்டேஷனும் உண்டு. கொழும்புக்குத்தான் நாள் முழுக்கப் பயணம். அடிக்கடி கொழும்பு போக வேண்டியவர் ஹட்டன் பக்கம் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு தரம் போனால் போதும் என்பவருக்குப் பண்டாரவளைதான் என் ஓட்டு.

ஹட்டன்காரர்கள் கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். உங்கள் ஊரில் பாண் ஆட்டோ எந்த வளைவோடு திரும்புகிறது என்பதையும் எழுதுங்கள், காணி தேடுகிற யாருக்காவது உதவும். சிக்னல் இருக்கிறவர்கள் இப்போதே சப்ஸ்கிரைப் பண்ணுங்கள். இல்லாதவர்கள் டவுனுக்கு இறங்கும்போது பண்ணுங்கள், பரவாயில்லை.