லைட்டுக்கு எதிர்ச்சொல் எது?

கொங்கு நாட்டு நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல்லடம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பில் லைட் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் பாதிப் பிள்ளைகள் டார்க் என்பார்கள், மீதிப் பேர் ஹெவி என்பார்கள். யார் சொன்னது சரி என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிடும். இரண்டுமே சரிதான். கேள்விதான் அரைகுறை. எந்த லைட் என்று சொல்லாமல் எதிர்ச்சொல் கேட்பது, யாருடைய தம்பி என்று சொல்லாமல் அண்ணன் பெயரைக் கேட்பது போலத்தான்.

பேக்கரியில் நின்று "லைட்டா ஒரு டீ" என்கிறோம். அங்கே எதிர்ச்சொல் ஸ்ட்ராங். ஹெவியாக ஒரு டீ போடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. மழை என்றால் ஹெவி வரும். லைட்டான தூக்கத்துக்கு எதிர் டீப். அடுப்பை லைட் பண்ணுவது என்றால் பற்றவைப்பது. அதற்கு எதிர் அணைப்பது, ஆங்கிலத்தில் புட் அவுட்.

இந்தச் சொல்லின் முழு வேலையையும் பார்க்க வேண்டுமானால் திருப்பூருக்குத்தான் போக வேண்டும். சாயப்பட்டறையில் லைட் ஷேடு, டார்க் ஷேடு என்று நிறத்தைப் பிரிப்பார்கள். டார்க் ஷேடுக்குச் சாயமும் உப்பும் கூடுதலாகப் பிடிக்கும், கூலியும் அதற்கேற்ப ஏறும். அதே துணி எடைக்குப் போகும்போது லைட்டுக்கு அர்த்தமே வேறு. வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் நூறு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வில்லை வெட்டி வரும். சின்னத் தராசில் அது 1.8 கிராம் காட்டினால், நூறால் பெருக்கி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம், என்று எழுதுவார்கள். 140 என்றால் அது லைட்டான துணி. ஆக, கன்னங்கரேலென்று டார்க்காக இருக்கும் பனியன் துணி எடையில் லைட்டாக இருக்கலாம். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் "இன்னும் லைட்டாக வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால், நிறத்திலா, எடையிலா என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் இங்கே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அடுத்த வேலையைப் பார்க்க முடியும். எதிர்ச்சொல் பாடம் அங்கே பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏன் இந்தக் குழப்பம்? ஆங்கிலத்தில் லைட் என்பது ஒரே சொல் அல்ல. வெளிச்சம் என்ற லைட்டும், கனமில்லாத என்ற லைட்டும் வேறு வேறு வேரில் பிறந்து, காலப்போக்கில் எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றாகிவிட்டவை. முதலாவது, லத்தீனில் ஒளியைக் குறிக்கும் லக்ஸ் என்ற சொல்லுக்குச் சொந்தம். இரண்டாவது, வடமொழி லகுவுக்குச் சொந்தம். அந்த லகுதான் தமிழில் இலகு ஆனது. அப்படிப் பார்த்தால் நம் இலகுவும் ஆங்கிலேயரின் லைட்டும் தூரத்துச் சொந்தக்காரர்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? பச்சை என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாய்க்கு எதிர் வர மிளகாய். பச்சரிசிக்குப் புழுங்கலரிசி. பச்சைத் தண்ணிக்குச் சுடுதண்ணி. பச்சை மரத்துக்குப் பட்ட மரம். காங்கயம் பக்கம் உலர்களத்தில் போய்க் கேட்டால், பச்சைத் தேங்காய்க்கு எதிர் கொப்பரை. நிறத்தைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. இன்னொன்று: நம் ஊரில் நல்ல தண்ணிக்கு எதிர் கெட்ட தண்ணி அல்ல, உப்புத் தண்ணி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். தண்ணீரில் ஃப்ரெஷ்ஷுக்கு எதிர் சால்ட், ரொட்டியில் ஸ்டேல்.

எனக்கு வருத்தம் தருவது கைடுகளில் வரும் பட்டியல். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல். பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில்கூட எதிர்ச்சொல்லை வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டுத்தான் கேட்கிறார்கள். பட்டியலை மட்டும் படித்த பிள்ளை அந்த வாக்கியத்தைப் படிக்காமலே விடையைக் குறித்துவிட்டு வருகிறது.

அதனால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் படிக்கும்போது சொல்லைத் தனியாகக் கேட்காதீர்கள். லைட் பேக், லைட் கலர், லைட் டீ என்று சோடியாகக் கேளுங்கள். இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மில்லில் வேலை பார்ப்பவருக்கு, மெல்லிய நூலான ஃபைன் கவுண்டுக்கு எதிர், தடித்த நூலான கோர்ஸ் கவுண்ட் என்று தெரியும். ஃபைன் என்றால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் படித்திருக்கும் பிள்ளைக்கு அது புதுச் செய்தி. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அந்தச் சோடியைச் சொல்லி, எப்படி என்று நீங்களே விளக்குங்கள்.

வணக்கம்.