உரைகல் சொல்லாத பொய்

ஒரு ரோமானியத் தங்கக் காசை நம் ஊர் நகை ஆசாரியிடம் கொடுத்துப் பாருங்கள். உரைகல்லில் உரைத்துவிட்டு, நல்ல தங்கம் என்பார். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. போலிக்காரனும் நல்ல தங்கத்தில்தான் செய்கிறான். பழங்காசுக்குக் கிடைக்கும் விலையில் தங்கத்தின் விலை அவனுக்கு ஒரு பொருட்டா என்ன?

சரி, எடை? ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ஔரியஸ், அதாவது ரோமானியத் தங்கக் காசு, 8 கிராமுக்குச் சற்றே குறைவு, ஏறக்குறைய நம் சவரன். கி.பி. 64-ல் பேரரசர் நீரோ அதைச் சுமார் 7.3 கிராமுக்கு இறக்கினார். ஆனால் தராசு போலிக்காரனிடமும் இருக்கிறதே!

ஆகவே காசு பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு அச்சுகளுக்கு நடுவே தங்க வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடி விழுந்ததும் தங்கம் ஓரத்தை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வரிகளாக நிற்கும். உருக்கி வார்த்த போலியில் அது இருக்காது. எழுத்துகள் கரைந்த சோப்புப் போல மழுங்கியிருக்கும். லென்ஸ் வைத்தால் காற்றுக் குமிழிகளின் குழிகள் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. கையால் அடித்த காசுகள், ஒரே அச்சில் பிறந்தாலும், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஒன்று இடப்பக்கம் விலகியிருக்கும், இன்னொன்று வலப்பக்கம். அப்புறம் ஒவ்வொன்றும் வெவ்வேறு கைகளில் புழங்கித் தனித்தனிக் கீறல் வாங்கும். ஆகவே பேரரசரின் கன்னத்தில் உள்ள அதே கீறல், அதே இடத்தில், வேறொரு காசிலும் இருந்தால் ஒன்றாவது போலி. பெரும்பாலும் இரண்டுமே. ஏலப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் தேடுவது இந்த இரட்டையரைத்தான்.

இதற்கும் சிக்காத போலிக்காரர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், 1772-ல் பிறந்து 1830-ல் இறந்தவர். ரோமானியப் பேரரசர் கொமோடஸின் காசு என்று ஒரு போலித் தங்கக் காசை ஒரு பிரபு இவர் தலையில் கட்டிவிட்டாராம். அந்த ஆத்திரத்தில்தான் இந்தத் தொழிலில் இறங்கினார் என்று ஒரு கதை. மனிதர் நகல் எடுக்கவில்லை. எஃகில் தானே அச்சு வெட்டினார், 300-க்கும் மேல். தேய்ந்த பழங்காசுகளின் மேலேயே அடித்ததும் உண்டு. அந்த உலோகத்தைச் சோதித்தால் பழசு என்றுதானே வரும்! அடித்த காசுகளுக்குப் பழைய தோற்றம் வர, அவற்றை இரும்புத்தூளும் கொழுப்பும் போட்ட பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் கட்டி ஓட்டுவார். கிழவர்களை உலாவ அழைத்துப் போகிறேன் என்பாராம்.

அவருடைய அச்சுகள் பின்னாளில் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சந்தேகமான காசை அவற்றோடு ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பெக்கரின் கைவேலை என்று தெரிந்த பிறகும் அதைத் தேடிப்பிடித்துக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.