கோழிக்குஞ்சு கழியுதா? மருந்துக்கு முன்னாடி வாலைத் தூக்கிப் பாருங்க

வணக்கம் மக்களே! பின்னாடி கீச்சு கீச்சுன்னு கேக்குதுல்ல, அதான் இன்னைக்கு விஷயம். "குஞ்சு கழியுது, என்ன மருந்து குடுக்கலாம்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. மருந்து அப்புறம். முதல்ல வாலைத் தூக்கிப் பாருங்க.

இதோ, இவளைக் காட்டுறேன். இருங்க, ஃபோகஸ் ஆகட்டும். எச்சம் சிமெண்ட் மாதிரி காஞ்சு, எச்சம் வர்ற வாசலையே அடைச்சிருக்கு பாருங்க. அப்படியே விட்டா குஞ்சு தங்காது. பிச்சு எடுக்காதீங்க, தோலோட வந்துடும். வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு, கொஞ்ச நேரம் வெச்சுப் பிடிக்கணும்... இப்படி... ஊறினதும் தானா வழியும். துண்டால ஒத்தி, ஈரம் போக உலர்த்தி, துளி தேங்காய் எண்ணெய், போதும். அதுக்குக் கீழ, வயித்துப் பக்கம் கறுப்பா ஒரு பொருக்கு தெரியுதா? அது தொப்புள். அழுக்குன்னு நெனச்சு அதுல கைய வெச்சிடாதீங்க!

ஏன் ஒட்டுது? பல நேரம் சூடுதான் காரணம். முதல் வாரம் குஞ்சுப் பெட்டிக்குள்ள 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கணும்பாங்க. சரிதான். ஆனா சிங்கப்பூர்ல மத்தியானம் சும்மாவே 31, 32. அதுல ராப்பகலா பல்பு போட்டா குஞ்சு வெந்துடும். எல்லாம் ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்குதா, சூடு அதிகம். ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கத்துதா, குளிருது. ஏர்கான் ரூம்ல பெட்டிய வைக்கவே வேணாம்.

மூணு வாரத்துக் குஞ்சு இறகைத் தொங்கப் போட்டு, கூனிக்கிட்டு நின்னு, எச்சத்துல ரத்தம் வந்தா அது வேற கதை. ரத்தக்கழிச்சல், காக்சிடியாங்கற குடல் கிருமியால வர்றது. நடுநடுவுல காப்பி கலர்ல, பிசுபிசுன்னு, நாத்தமா ஒண்ணு போடும், அது சாதாரணம், பயப்படாதீங்க. ரத்தம்னா மட்டும் தாமதிக்காம வெட்கிட்ட, அதான் கால்நடை டாக்டர்கிட்ட, கேளுங்க. வழக்கமா ஆம்ப்ரோலியம் குடுப்பாங்க, தண்ணியில கலந்து, கூட்டத்துல இருக்கற எல்லாத்துக்கும். இந்த மருந்து பி1 வைட்டமின் மாதிரி வேஷம் போட்டுத்தான் கிருமிய ஏமாத்துது. "பாவம், சோர்ந்து கெடக்கு"ன்னு அதே நாள்ல வைட்டமின் பவுடரையும் கலந்தீங்கன்னா மருந்து வேலை செய்யாது.

மஞ்சளை மட்டும் நம்பி உக்காந்திருக்கறவங்களுக்கும் சொல்றேன், ரத்தக்கழிச்சல் அதுக்கெல்லாம் நிக்காது லா. பிளீச் ஊத்தினாலும் எச்சத்துல வர்ற அந்தக் கிருமியோட முட்டைங்க லேசுல சாகாது. ஈரமும் சூடும் சேர்ந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல மத்த குஞ்சுக்குத் தொத்துற நிலைக்கு வந்துடும். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமா? அதனால மரத்தூளைத் தொட்டுப் பாருங்க, ஈரம்னா உடனே மாத்திடுங்க. தண்ணிக் கிண்ணத்தை ஒரு செங்கல் மேல ஏத்தி வைங்க, உள்ள எச்சம் விழாது.

காலையில கழுத்தடியில தீனிப்பையையும் தொட்டுப் பாருங்க, காலியா இருக்கணும். ராத்திரித் தீனி அப்படியே கல்லாட்டம் நின்னா அடைப்பு. பழைய சோறு, குருணையெல்லாம் இந்த வயசுல வேணாம், குஞ்சுத் தீனியே போதும். தலைகீழாப் பிடிச்சு வாந்தி எடுக்க வைக்கிற வீடியோவப் பார்த்துச் செய்யாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்.

பிள்ளைங்க குஞ்சைக் கொஞ்சினா சோப்பு போட்டுக் கைய கழுவ வைங்க, சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். முத்தம் கூடவே கூடாது. எச்டிபி அடுக்குமாடி வீட்ல கோழிக்கு அனுமதி இல்ல, அத மறுபடி கேக்காதீங்க. தரைவீட்டுக்காரங்க, கோழி பாக்குற வெட் இங்க கம்மி, நல்லா இருக்கும்போதே ஃபோன் போட்டு ஒரு இடத்தைக் கேட்டு வெச்சுக்கோங்க.