பிள்ளை பெற்றவள் சாப்பிட்டாளா?

வணக்கம் நேயர்களே. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கத்தில் எங்கே விசாரித்தாலும், வெளிநாட்டில் பெண்ணோ மருமகளோ இருக்கிற வீடு ஒன்று இருக்கும். கணவரின் வேலைக்காகப் போனவள் ஒருத்தி, படிக்கப் போய் அங்கேயே வேலையில் சேர்ந்தவள் இன்னொருத்தி. அப்படிப்பட்டவளுக்கு முதல் குழந்தை அங்கேயே பிறந்தால், அந்த முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொசப்பேட்டை. என் முதல் குழந்தை பிறந்தது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில். ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டில் பிள்ளை பெற்ற நம் பக்கத்துப் பெண்களோடு போனில் பேசுவதை நான் விடவில்லை. ஒருத்தி கொடுத்து இன்னொருத்தி என்று என் நம்பர் கைமாறிப் போய், முகம் பார்க்காத பெண்களெல்லாம் கூப்பிடுகிறார்கள். ஊர் வேறு, நாடு வேறு, ஆனால் குறை மட்டும் ஒன்றுதான். "அக்கா, எல்லாரும் பாப்பா பால் குடிச்சுதா, பாப்பா தூங்குச்சான்னு கேக்கறாங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒருத்தரும் கேக்கல."

நம் ஊரில் இப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தால், பிரசவம் ஆகி மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேதான் இருப்பாள். வெந்நீர் வைப்பவர் ஒருவர், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுபவர் இன்னொருவர். பூண்டுக் குழம்பும் சோறும் வேளாவேளைக்குத் தட்டில் வந்துவிடும். பக்கத்து வீட்டு ஆயா வந்து, "நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று குழந்தையை வாங்கிக்கொள்வார். நம் வீடுகளிலும் குறை உண்டு, பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை இருந்தது.

அங்கே காலையில் கணவர் கிளம்பிவிட்டால் வீட்டில் தாயும் குழந்தையும் மட்டும்தான். எனக்குப் பிள்ளை பிறந்தது நவம்பரில். டிசம்பரில் அந்தப் பக்கம் எட்டு மணிக்குத்தான் விடியும், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் ஒரு மனிதக் குரல் கேட்காது. முதல் வாரங்களில் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும். கொடுத்து, துணி மாற்றி, தூங்க வைப்பதற்குள் அடுத்த பாலுக்கு அழ ஆரம்பித்துவிடும். நடுவில் சோறு வடிப்பது எப்போது, குளிப்பது எப்போது? கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வீட்டுக்கே மருத்துவச்சி வருவார். ஹெபாமெ என்பார்கள். முதல் பத்து நாள் தினமும்கூட வரலாம், அதற்குப் பிறகும் பன்னிரண்டு வாரம் வரை தேவைக்கு வருவார். செலவைப் பொதுக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். எனக்கு வந்தவர் ஐம்பது வயது தாண்டிய, நல்ல உயரமான அம்மாள். முதல் நாள் வந்தார், செருப்பைக் கழற்றினார், கை கழுவினார். வந்தவர் நேராகக் குழந்தையைத்தான் பார்ப்பார் என்று நான் துணியையெல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் குழந்தை பக்கமே திரும்பவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அப்போது மணி பதினொன்று இருக்கும். டீயும் பிஸ்கட்டும் என்றேன். எழுந்து அவரே சமையலறைக்குப் போனார். இரவு வடித்த சோறு இருந்தது, ஃபிரிட்ஜில் தயிர் இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, சாப்பிடு, குழந்தை காத்திருக்கும் என்றார். குழந்தையோ வீல் என்று கத்துகிறது! அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இப்படியும் அப்படியும் நடந்தார். நான் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்ட பிறகுதான் பையிலிருந்து தராசை எடுத்தார். குழந்தையைத் துணியில் முடிந்து தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத்தராசு அது. அப்புறம் என் வயிற்றை அழுத்தி, கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தார். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். இரவில் அழுகை வருகிறதா என்று கேட்டார்.

வந்த நாளெல்லாம் முதலில் சாப்பாடு பற்றித்தான் கேட்பார். ஒரு வாரம் படுக்கைக்குள், ஒரு வாரம் படுக்கை மேல், ஒரு வாரம் படுக்கையைச் சுற்றி. பிள்ளை பெற்றவளுக்கு அந்த ஊர் மருத்துவச்சிகள் சொல்கிற கணக்கு இது. நம் பாட்டிமார் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

இன்னொரு விஷயம். என் அம்மா கொஞ்ச நாள் கழித்து வந்து சேர்ந்தார். பெட்டி நிறைய பூண்டு, சுக்கு, பிரசவ லேகியம். பூண்டு போட்டால்தான் பால் ஊறும் என்பது அம்மாவின் கட்சி. பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் தாய் சாப்பிட்டால் குழந்தைக்கு வயிறு உப்பும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்களின் கட்சி. பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் அப்படித்தான் சொன்னார். தாய் எந்தக் காய்கறியையும் பொதுவாக ஒதுக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய மருத்துவர்கள் சொல்வது. என் குழந்தையும் பூண்டு சாப்பிட்ட நாள், சாப்பிடாத நாள் என்று பார்க்காமல் சாயங்காலமானால் அழுதது! ஆனால் ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அங்கே ஒரு டீ கொடுப்பார்கள், கடையில் பொட்டலமாகவே கிடைக்கும். பிரித்து முகர்ந்து பார்த்த அம்மா, "இது சோம்புத் தண்ணிதானே" என்றார். சோம்பேதான், கூடச் சீரக ஜாதியில் ஒன்றும் சேர்த்திருந்தார்கள். மொழி தெரியாத பாட்டியும் அம்மாவும் அன்றைக்கு அந்த டீயைக் குடித்துக்கொண்டு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்கினேன்.

எல்லா நாட்டிலும் இப்படி மருத்துவச்சி வீட்டுக்கு வருவதில்லை. நெதர்லாந்தில் பிரசவம் ஆன முதல் வாரத்தில் தினமும் சில மணி நேரம் வீட்டிலேயே இருந்து உதவ ஆள் வருவார். இங்கிலாந்தில் மருத்துவச்சியும், அதற்குப் பிறகு சுகாதாரச் செவிலியரும் வருவார்கள். அமெரிக்காவில் பொதுவாக அப்படி யாரும் வருவதில்லை. அதனால் கர்ப்பம் உறுதியானதுமே, பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்கு யார் வருவார்கள் என்று அந்தப் பெண் விசாரித்து வைக்க வேண்டும். ஜெர்மனியில் மருத்துவச்சி கிடைப்பதே கஷ்டம், முதல் மூன்று மாதத்துக்குள் தேடிப் பிடித்துவிட வேண்டும். யாரோ அந்நியர் வீட்டுக்குள் வருகிறாரே என்று கூச்சப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போட்டே சொல்வதுண்டு, வரச் சொல்லம்மா, வரட்டும்!

சரி, இங்கே இருக்கும் நாம் போனில் என்ன சொல்கிறோம்? குளிரும், இரண்டு போர்வை போட்டு மூடு என்கிறோம். அங்கே குழந்தை தூங்கும் அறை 18 டிகிரி இருந்தால் போதும் என்பார்கள். நம் ஊர் மார்கழி விடியல் குளிர் அது, கேட்டதும் நமக்குப் பகீர் என்கிறது. ஆனால் போர்வை, தலையணை எதுவும் முகத்தை மூடிவிடக் கூடாது என்றுதான் தோளிலிருந்து கால்வரை பை மாதிரி ஒரு உடுப்பில் போட்டுத் தூங்க வைக்கிறார்கள். குழந்தைக்குச் சூடு போதுமா என்று தெரிய வேண்டுமா? பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும். மல்லாக்கப் படுக்க வைப்பது மிக முக்கியம். அமெரிக்காவில் 1994இல் இதற்கென்று ஒரு இயக்கமே தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய வருடங்களில், தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாம்பிராணி வேண்டாம். புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது, அதோடு அந்த ஊர்ப் படுக்கையறைகளில் புகை பட்டால் அலறும் கருவி வேறு இருக்கும். தேன், வசம்பு, ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர், இவையும் வேண்டாம். வெயில் இல்லாத ஊர் என்பதால் மருத்துவர் சொல்கிற வைட்டமின் டி-யைத் தினமும் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் குழந்தைகளுக்கும் முதல் வருடம் தினம் 400 அலகு கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. இப்படி ஆளாளுக்குக் குழந்தையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் தாய் என்ன ஆனாள்?

இதற்கு வேறெங்கும் போக வேண்டாம், நம் கணியம்பாடிக்கு வாருங்கள். கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நிறைமாதப் பெண்களைப் பார்த்து, குழந்தை பிறந்த பிறகு மறுபடியும் போய்ப் பார்த்து, நம் வேலூர் மருத்துவர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். 2002இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோது வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது. கூடமாட வேலை செய்ய ஆள் இல்லாதது. சொந்த ஊரில், சொந்த மொழியில், அக்கம்பக்கத்தின் நடுவில் இருக்கும் பெண்ணுக்கே அப்படி என்றால், அங்கே தனியாக இருப்பவளை நினைத்துப் பாருங்கள்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் அழுகிறாள், குழந்தை தூங்கும்போதுகூட இவளுக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள் என்றால் அது திமிர் இல்லை, அது நோய். மருந்தும் உண்டு, குணமும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, எடின்பரோவில் 1987இல் உருவாக்கியது. தமிழிலும் உண்டு, அந்தத் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்ததும் நம் வேலூரில்தான். உங்கள் பெண் அப்படிப் பேசினால் அங்குள்ள மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் போலிருக்கிறது என்று சொன்னால் அவளை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. கணவரை உடனே கூப்பிடுங்கள்.

போன் என்றதும் ஒரு யோசனை. சாயங்காலம் நமக்கு வேலை ஓய்ந்த நேரத்தில் கூப்பிடுகிறோம். அவளுக்கு ஜெர்மனியில் குளிர்காலத்தில் இரவு இரண்டு மணி என்றால் நமக்குக் காலை ஆறரை, வாசலில் கோலம் போட்டு முடித்திருப்போம். நியூயார்க் பக்கம் இருந்தால் அவளுடைய இரவு இரண்டு நமக்குப் பகல் பன்னிரண்டரை. குழந்தை எழுந்து பால் குடிக்கும் அந்த நேரம்தான் அவளுக்கு மிகவும் தனிமையான நேரம். "விழிச்சிருந்தா மிஸ்டு கால் குடு" என்று சொல்லி வையுங்கள். நீங்கள் பேசக்கூட வேண்டாம், தெருவில் கீரைக்காரம்மா கூவுவது கேட்டாலே போதும். இப்படி அம்மாவின் போனைத் திறந்து வைத்துக்கொண்டு பால் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு என்று வந்தால், முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பாப்பாவைப் பற்றி அவளே சொல்வாள்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. விசா, பதிவு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, அம்மா போனால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதனால் கணவரின் விடுப்பு முடிகிற சமயத்தில் போய்ச் சேரும்படி தேதி பாருங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். குழந்தை இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டுமானால், பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். திருமணத்தைப் பதிவு செய்யாமல் விமானம் ஏறப்போகிறவர்கள் இருந்தால், இங்கே பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். வணக்கம்.