திரும்பி வரக் காற்று வேண்டாமா?

நேயர்களுக்கு வணக்கம். கொலம்பஸ் 1492-இல் கிளம்பினார், அக்டோபர் 12-ஆம் தேதி கரையைப் பார்த்தார், இது பள்ளிக்கூடத்திலேயே நமக்கெல்லாம் மனப்பாடம். சரி, எப்படித் திரும்பி வந்தார்? அதை யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம். பேசக் கிடைக்கிற இடத்தில் எல்லாம் இதையே பேசுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பாய்மரக் கப்பல் என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போகவும் வழியில்லை.

ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கிற ஸ்பெயினின் கானரித் தீவுகளைத் தாண்டியதும் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. சுகமான பயணம்தானே என்பீர்கள். மாலுமிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்ததே அந்தச் சுகம்தான். இந்தக் கடலில் ஸ்பெயினுக்குத் திரும்பக் காற்றே அடிக்காது போலிருக்கிறதே என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி காற்று எதிராகத் திரும்பியபோது, இது எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது என்கிற மாதிரி கொலம்பஸ் நாட்குறிப்பில் எழுதினார். எதிர்காற்றுக்குச் சந்தோஷப்பட்ட கப்பல்காரர்!

தூரத்தில் அவர் போட்ட கணக்கு படுமோசம். கானரியிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர் என்று நினைத்தார், நிஜத்தில் அதுபோல நான்கு மடங்குக்கும் மேல். நடுவில் அமெரிக்கா குறுக்கே கிடந்ததால் பிழைத்தார். ஆனால் காற்று விஷயத்தில் கெட்டிக்காரர், அதைப் போர்த்துகீசியரிடம் படித்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கரையிலிருந்து லிஸ்பன் திரும்ப அவர்கள் கரையோரமாக வடக்கே முட்டி மோதமாட்டார்கள். கரையை விட்டு விலகி நடுக்கடலுக்குப் போய், அட்லாண்டிக் நடுவே போர்த்துகீசியருடைய அசோர்ஸ் தீவுகள் இருக்கிற அளவுக்கு வடக்கே ஏறி, மேற்கிலிருந்து அடிக்கிற மேலைக்காற்றைப் பிடித்து வீடு வந்து சேர்வார்கள். வீட்டுக்கு வர வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். 1493 ஜனவரியில் கொலம்பஸும் வந்த வழியே திரும்பாமல் வடக்கே ஏறினார்.

காற்று கிடைத்தது, கூடவே புயலும். அவருடைய பெரிய கப்பல் சாந்தா மரியா ஏற்கெனவே கிறிஸ்துமஸ் அன்று ஹெய்ட்டி கரையில் தரைதட்டிப் போயிருந்தது, அவர் ஏறி வந்தது நீன்யா என்ற சின்னக் கப்பல். சாப்பாடும் குடிதண்ணீரும் தீர்ந்து கப்பல் எடையிழந்து ஆட, காலிப் பீப்பாய்களில் கடல்நீரை நிரப்பச் சொன்னார். பிப்ரவரி 14 அன்று வேண்டுதல் சீட்டு. ஆளுக்கொன்றாகக் கொண்டைக்கடலையை எண்ணித் தொப்பிக்குள் போட்டு, ஒன்றில் மட்டும் கத்தியால் சிலுவை கீறி, அது கையில் வருகிறவர் ஸ்பெயினில் இருக்கிற குவாதலூப்பே மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியோடு யாத்திரை போக வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் கை விட்டவர் கொலம்பஸ், வந்ததும் சிலுவைக் கடலைதான். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். தான் கண்டதையெல்லாம் தோலில் எழுதி, மெழுகுத்துணியில் சுற்றிப் பீப்பாயில் அடைத்துக் கடலிலும் போட்டார், செத்தாலும் சேதி போய்ச் சேரட்டும் என்று. தீவுகளிலிருந்து பிடித்து வந்த தைனோ மக்களும் அதே புயலில்தான் ஆடினார்கள், அவர்கள் கேட்டு வந்த பயணம் அல்ல அது.

அப்புறம் அசோர்ஸில் இன்னொரு கூத்து. புயலில் எல்லோரும் சேர்ந்து செய்த இன்னொரு வேண்டுதலை நிறைவேற்ற வெறும் சட்டையோடு கோயிலுக்குப் போன பாதிப் பேரைப் போர்த்துகீசியர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வாக்குவாதம் பண்ணித்தான் மீட்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் கிளம்பிய அதே பாலோஸ் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது மார்ச் 15.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பசிபிக்கைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன், ஒரு வரியில் சொல்கிறேன். அங்கேயும் மெக்சிகோவிலிருந்து ஆசியாவுக்குப் போன ஸ்பானியர்கள் கிழக்கே திரும்ப வழியில்லாமல் பல வருடம் தவித்தார்கள். 1565-இல் உர்தானெத்தா என்ற பாதிரியார் வழிகாட்ட, பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து கிளம்பிய கப்பல் அதே போல வடக்கே ஏறி மேலைக்காற்றைப் பிடித்து அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோ சேர்ந்தது. மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே சரக்கு ஏற்றிய ஸ்பெயினின் மணிலா கப்பல்கள் இருநூற்றைம்பது வருடம் ஓடியது அந்த வழியில்தான். வணக்கம்.