உங்கள் வீட்டில் என்ன புளிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கோபி, பவானி, பெருந்துறை, தாராபுரம் என்று எங்கெங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிலர் அடுப்படியில் வேலையாக இருப்பீர்கள், சிலர் தறிச் சத்தத்துக்கு நடுவே ரேடியோவைக் காதோடு வைத்திருப்பீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் வந்திருக்கிறேன். இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன புளித்துக்கொண்டிருக்கிறது?

யோசித்துப் பாருங்கள். தோசை மாவு இருக்கும். உறை ஊற்றிய பால் இருக்கும். இராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு இருந்தால் இன்னும் நல்லது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். நுண்ணுயிர்கள் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்வார்கள். எங்கள் வீட்டு மாவு பொங்கி வழிந்துவிட்டது டீச்சர், எங்கள் வீட்டுத் தயிர் நூல் விடுகிறது டீச்சர் என்று ஆளுக்கு ஒரு சேதி இருக்கும்.

இதே கேள்வியை ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கேட்டேன். போர்ட்லாந்து என்கிற ஊரில் மகன் வேலை பார்க்கிறான். பேத்தி பிறந்த சமயம் ஆறு மாதம் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மரவேலை செய்பவர், வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர். மாதம் ஒரு நாள் அவரைப் போலப் பத்துப் பதினைந்து பேர் ஒரு கார் கொட்டகையில் கூடுவார்கள். "அம்மா, நீங்க புளிப்புன்னா உட்டுப்போட மாட்டீங்களே, வந்து பாருங்க" என்று மகன் கூட்டிக்கொண்டு போனான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கிறவள் இல்லை, அன்றைக்கும் குடிக்கவில்லை. நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதற்கு 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான், அந்த வருடம் அக்டோபர் 1ஆம் தேதி. அதற்கும் முன்னால் 1921இல் ஈரோட்டில் பெரியார் குடும்பத்து நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்ற மண் இது. குடியால் அழிந்த குடும்பங்களை நானும் கண் முன்னால் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலும் வெகு காலம் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி இல்லை. 1978இல் போட்ட ஒரு சட்டத்தால்தான் அது வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 750 லிட்டர் வரை காய்ச்சலாம், விற்கக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்தக் கொட்டகையைப் பற்றி.

ஒவ்வொருவர் கையிலும் பெயர் ஒட்டாத பாட்டில் ஒன்று. வட்டமாக உட்கார்ந்தார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் இரண்டு சேதி சொல்ல வேண்டும். இப்போது என்ன குடித்துக்கொண்டிருக்கிறாய், என்ன காய்ச்சி வைத்திருக்கிறாய், அவ்வளவுதான். ஒருவர் கோதுமை போட்டது என்றார். ஒருவர் வறுத்த பார்லி போட்டுக் காப்பி நிறத்தில் கொண்டுவந்திருந்தார். ஒருவர் மட்டும் தயங்கிக்கொண்டே, "என்னுடையது வெண்ணெய் வாசம் அடிக்கிறது, கெட்டுவிட்டது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாட்டில் கை மாறி ஒவ்வொரு மூக்காகப் போனது. "ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்னால் பிரித்துவிட்டாய். இன்னும் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கதகதப்பான இடத்தில் விட்டிருந்தால் அந்த வாசத்தை ஈஸ்ட்டே தின்று தீர்த்திருக்கும்" என்று ஒரு பாட்டி சொன்னார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஈஸ்ட் என்பது சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிற நுண்ணுயிர். தப்பாய்ப் போனதைக் கொண்டுவந்து நாலு பேர் நடுவில் வைக்க முடிகிற இடம் அது. எனக்கு அது மிகவும் பிடித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சும்போது கூடவே நின்று பார்த்தேன். நம்மவர்களுக்கு அது கொஞ்சமும் புதிதில்லை. குழந்தைக்குச் சத்துமாவு செய்ய ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து அரைக்கிறோம் இல்லையா? பார்லிக்கும் அதே பக்குவம்தான். முளை வரும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதனால்தான் முளைகட்டிய ராகிக் கஞ்சி நீர்த்தும் இருக்கிறது, இனிக்கவும் செய்கிறது. அவர்கள் அந்த முளைப் பார்லியை நொறுக்கி, 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வெந்நீரில் வைக்கிறார்கள். கை வைத்தால் பொறுக்காது, கொதியும் வராது, அந்தச் சூடு. கொட்டகை முழுக்க எங்கள் சத்துமாவு வறுக்கிற வாசம் வந்தது. எனக்கு அம்மாயி வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அம்மாயி கதைக்கு இதோ வருகிறேன்.

வடித்த அந்த இனிப்புத் தண்ணீரை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவோடு கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டு, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூடுகிறார்கள். உள்ளே உண்டாகும் காற்று வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது, அப்படி ஒரு தண்ணீர் மூடி. அது இராத்திரியெல்லாம் குளுக் குளுக் என்று பேசிக்கொண்டே இருக்கும். பால் சொசைட்டியில் பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதே மாதிரி குழல் இவர்களிடமும் உண்டு. சர்க்கரை நிறைய இருக்கும்போது குழல் உயர்ந்து நிற்கும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அமிழும். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். முதல் நாள் 1.050 காட்டியது இரண்டு வாரத்தில் 1.010க்கு வந்துவிட்டது. சர்க்கரை எங்கே போனது? பாதி சாராயமாகி உள்ளே நின்றது, பாதி காற்றாகிப் போய்விட்டது.

சரி, அம்மாயி கதை. இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாயி வீடு சென்னிமலைப் பக்கம். 1969 வாக்கில் இருக்கும், எனக்கு ஒன்பது வயது. கோடை லீவுக்குப் போவோம். கம்பை ஈரம் தெளித்து உரலில் இடித்து, முறத்தில் புடைத்து உமியைப் போக்கி, திரும்பவும் இடித்து, உலை கொதித்ததும் கொட்டித் துடுப்பால் கிண்டுவார் அம்மாயி. இராத்திரிக்குச் சூடாகக் கம்மஞ்சோறு. மிச்சத்தை உருண்டை பிடித்து மண்பானைத் தண்ணீரில் போட்டு வைப்பார். காலையில் அந்த உருண்டையை அந்தத் தண்ணீரிலேயே கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்போம். அந்தப் பானைத் தண்ணீருக்குப் பெயர் புளிச்சதண்ணி. அது தீரவே தீராது. ஒரு கை அளவாவது அடியில் விட்டுத்தான் மேலே புதுத்தண்ணீர் ஊற்றுவார்.

ஒரு நாள் அம்மாயி ஈரோட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். நான் வீட்டு வேலை செய்து நல்ல பெயர் வாங்க நினைத்தேன். பானையில் அடியில் கிடந்ததைக் கொட்டிவிட்டு, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் வந்தவர் பானையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏன் கண்ணு, பானையக் கழுவிப்போட்டியா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. ஒரு போசியை என் கையில் கொடுத்து, "கெழக்கு வளவுல அத்தைகிட்டப் போயி, அம்மாயி புளிச்சதண்ணி கேட்டாங்கன்னு வாங்கிட்டு வா" என்றார்.

போய் வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தால் புளிப்பும் மண்வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. மேலே பொடிப்பொடியாக நுரை. அவர்கள் வீட்டில் சோளம். அதனால் எட்டு நாள் எங்கள் கம்மங்கூழில் கிழக்கு வளவு வாசம் அடித்தது. தாத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்மூட்டுப் பானையில்லையே" என்றார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ எங்கள் வீட்டு ருசி திரும்பிவிட்டது. மாயம் ஒன்றுமில்லை. மண்பானையின் கண்ணறைகளுக்குள் நான் தேய்த்தும் போகாமல் ஒளிந்திருந்த பாக்டீரியாக்கள் மறுபடி பெருகிவிட்டன என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்தப் புளிச்சதண்ணி எல்லாப் போசிக்கும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் காட்டில் வெயிலில் களை எடுத்தவர்களுக்கு வாசலுக்கு வெளியே, தூக்கி ஊற்றினார்கள், கைகளைக் குவித்துக் குடித்தார்கள். அவர்கள் வீட்டுப் பானையிலிருந்து எங்கள் பானைக்கு ஒரு சொட்டும் வந்ததில்லை. பாக்டீரியாவுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. நாங்கள்தான் வைத்திருந்தோம். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தக் கதையை மகன் மொழிபெயர்க்க, அந்தக் கொட்டகையில் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். வெண்ணெய் வாசத்துக்குக் காரணம் சொன்ன அந்தப் பாட்டி எழுந்து, நார்வே நாட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். அங்கே மேற்குப் பக்கக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சொந்த ஈஸ்ட் உண்டு. பெயர் க்வெய்க். பீர் பொங்கி முடிந்ததும் மரத்தில் செதுக்கிய ஒரு வளையத்தை அதில் முக்கி எடுத்து, காயவைத்துத் தொங்கவிடுவார்கள். அடுத்த முறை காய்ச்சும்போது அதைப் போட்டால் உயிர் பிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டு ஈஸ்ட் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இன்னொன்றும் சொன்னார். மற்ற பீர் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி போதும், க்வெய்க் 35 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும். நம் ஈரோட்டு வெயில்! நான் பனைமரத்தைப் பற்றிச் சொன்னேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும், எல்லாம் காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டின் வேலை என்றேன். காய்ச்சாமல், ஈஸ்ட் போடாமல் மரத்திலேயே புளிக்கிறதா என்று அவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கடைசியாக ஒருவர் ஜெர்மனி வகைப் புளிப்பு பீர் ஒன்றைத் திறந்தார். பெர்லினர் வைஸ் என்று பெயர். மோந்து மட்டும் பார்த்தேன். நம் நீராகாரம்! விடியற்காலையில் பழைய சோற்றுச் சட்டியைத் திறந்த வாசம். கேட்டால் லாக்டோபேசிலஸ் போட்டிருக்கிறேன் என்கிறார். நம் தயிரிலும் மாவிலும் இருக்கிற அதே பாக்டீரியாக் குடும்பம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் தெருவில் இதை ஆரம்பித்தேன். பீர் கிடையாது, கூழும் மோரும் மாவும்தான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு தூக்குப்போசி. என்ன குடிக்கிறீர்கள், என்ன புளிக்க வைத்திருக்கிறீர்கள், இதே இரண்டு கேள்வி. எல்லா வீட்டுப் போசியும் எல்லாக் கைக்கும் போகும், அதை முதல் நாளே சொல்லிவிட்டேன். போன மார்கழியில் ஒரு பெண் மாவு பொங்கவில்லை என்று கொண்டுவந்தாள். கேட்டுப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர் விட்டு அரைத்திருக்கிறாள். நம்மூர் மார்கழிக் குளிருக்கு அந்தத் தண்ணீர் ஆகுமா?

இன்னும் இஞ்சியைப் பற்றியும் ஊறுகாயைப் பற்றியும் சொல்ல எழுதி வைத்திருந்தேன். கடிகாரம் விடமாட்டேன் என்கிறது. கூழ் பக்குவத்தை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அடுப்படியில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பு மாவு ஒரு டம்ளர். பழைய சோற்றுத் தண்ணீர் விட்டுக் கரைத்து இராத்திரி மூடி வையுங்கள். காலையில் நாலு டம்ளர் தண்ணீர் கொதிக்கவிட்டு அதில் ஊற்றிக் கிண்டுங்கள். வெந்ததும் இறக்கி முழுக்க ஆறவிடுங்கள், சூட்டோடு மூடாதீர்கள். ஆறிய பிறகு மறுபடி இரண்டு கரண்டி பழைய தண்ணீர் விட்டு மண்சட்டியில் ஓர் இராத்திரி வையுங்கள். பூஞ்சை பூத்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். உப்பும் மோரும் குடிக்கும்போது போட்டால் போதும். பழைய தண்ணீர் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் ஒரு போசி கேட்டு வாங்குங்கள். சட்டியைக் கழுவும்போது சோப்பு மட்டும் வேண்டாம். வணக்கம்.