புல்வெளியோடு திரும்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டி போனவர்களில் தாவரவியல் பூங்காவுக்குப் போகாதவர்கள் குறைவு. ஆனால் அங்கே என்ன செய்கிறோம்? புல்வெளியில் உட்காருகிறோம், பூக்களுக்கு முன்னால் போட்டோ எடுக்கிறோம், பஸ்ஸுக்கு ஓடுகிறோம். மே மாத மலர்க் கண்காட்சி சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். பூங்காவோ 22 ஹெக்டேர், அதாவது சுமார் 55 ஏக்கர். தொட்டபெட்டாச் சரிவில் அடுக்கடுக்காக மேலே ஏறுகிறது. நாம் பார்த்துவிட்டு வருவது கீழ்ப்பகுதியை மட்டும்தான்.

அந்தக் கீழ்ப்பகுதி முதலில் என்னவாக இருந்தது தெரியுமா? காய்கறித் தோட்டம்! 1847-இல் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்களுக்குக் காய்கறி மலிவாகக் கிடைக்க வைத்த தோட்டம் அது. சரியாக நடக்கவில்லை. அப்புறம்தான் பொதுப் பூங்கா யோசனை வந்தது. 1848-இல் அதை அமைக்க லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்து சேர்ந்தார்.

இந்த மனிதரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1860-களில் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டதில் பெரும்பங்கு இவருடையது. மலேரியாவுக்கான குயினைன் அந்த மரத்தின் பட்டையில்தான் இருக்கிறது. ஆனால் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப்போகும். வெட்டினால் மறுபடி வளரும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மெக்ஐவர் பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக, நடுநடுவே இடம் விட்டு உரித்தார். உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். உள்ளே புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்தும் குறையவில்லை, பழையதைவிடக் கூடவே இருந்தது! கவனியுங்கள், வெறும் பாசி. நீலகிரியில் எந்த மரத்தைத் தொட்டாலும் கையில் ஒட்டுகிற அதே பாசி.

சரி, பூங்காவுக்கு வருவோம். இத்தாலியத் தோட்டம் என்று ஒரு பகுதி உண்டு. வகுத்துப் பிரித்த பாத்திகள். முதல் உலகப்போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் அமைத்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தும். அந்தப் போரில் இத்தாலி 1915 முதல் பிரிட்டனோடு சேர்ந்தல்லவா போரிட்டது? இத்தாலியப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்கு வந்தது இரண்டாம் உலகப்போரில். அடுத்த முறை வழிகாட்டி இந்தக் கதையைச் சொன்னால், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கல்லாகிப்போன அடிமரம் ஒன்றும் இருக்கிறது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அதை விட்டுவிடாதீர்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பெரணி வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. மேல் எல்லையில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து, அதாவது குடியிருப்பு, இருக்கிறது. அரைவட்டக் கூரை வீடுகளைப் பார்க்கலாம். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மேலே ஏற மூச்சு வாங்கும், அவசரப்படாமல் போங்கள். நன்றி, வணக்கம்.